ஒயில் அன்ரி

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து சனமெல்லாம் சேர்ச் வாசலில் கைகுலுக்கிக்கொண்டு நிற்கும்போது அன்ரி மட்டும் கார் நிறுத்துமிடத்தில் நிற்பார். இடது கையில் செபமாலை, வலது கையில் ஒரு துண்டுத் துணி. யாராவது தெரியாத்தனமாகத் தன் கார்க் கதவைத் திறந்துவிட்டால் போதும், பின்னாலிருந்து அந்தக் குரல் கேட்கும்.

"இழுத்துப் பாத்தனீரோ?"

பொனற்றுக்குக் கீழே எஞ்சினில் ஒரு நீளக் கம்பி செருகியிருக்கும். அதை இழுத்துத் துடைத்து, திரும்பச் செருகி, மறுபடி இழுத்தால் உள்ளே ஒயில் எவ்வளவு நிற்கிறது என்று தெரியும். கம்பியின் நுனியில் இரண்டு கோடுகள். ஒயில் அந்த இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். மேல்கோட்டைத் தாண்டினாலும் பிழை, கீழ்க்கோட்டுக்குக் கீழே இறங்கினாலும் பிழை. அன்ரி உலகத்தில் உள்ள எல்லோரையும் இந்த இரண்டு கோட்டுக்குள் வைத்துத்தான் அளந்தார்.

ஞானஸ்நானத்தில் வைத்த நல்ல பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. அதை இங்கே எழுதினாலும் எங்கள் ஆட்களுக்கு யாரென்று விளங்காது. இரண்டாயிரத்துகளின் தொடக்கத்தில் மொன்ட்ரியாலில் இருந்த மன்னார் ஆட்களுக்கும் யாழ்ப்பாணத்து ஆட்களுக்கும் அவர் ஒயில் அன்ரி. முன்னால் அன்ரி, பின்னால் ஒயில் அன்ரி.

ஆள் ஐந்தடிக்கு ஒரு விரல் குறைவு. பொனற்றுக்குள் எட்டிப் பார்ப்பதற்காக, டெப்பனர் என்கிற மூலைக்கடையில் பால் அடுக்குகிற பிளாஸ்ரிக் பெட்டி ஒன்றைத் தன் காரின் டிக்கியில் வைத்திருந்தார். அதைக் கவிழ்த்துப் போட்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறி நிற்பார். ஒயில் பார்த்து முடிந்ததும் இன்னொன்று செய்வார். பொனற்றை மூடி, காரை ஸ்ரார்ட் பண்ணச் சொல்லிவிட்டு, உள்ளங்கையைப் பொனற்றின்மேல் வைத்துக் கண்ணை மூடுவார். ஐந்து விநாடி. பிறகு "நல்லா ஓடுது, போம்" என்பார். இல்லாவிட்டால் கண்ணைத் திறக்காமலே "ஒரு பிளக் சரியில்லை" என்பார். அநேகமாக அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும்.

அவருடைய சொந்தக் கார் சாம்பல் நிறம். ஆயிரத்து அறுநூறு சிசி, நாலு சிலிண்டர், பதினாறு வால்வு, பில்டரோடு சேர்த்து மூன்று லீற்றர் முந்நூறு ஒயில். மற்றப் பெண்கள் பிள்ளைகளின் மார்க்ஸ் சொல்கிற மாதிரி அன்ரி இதைச் சொல்லுவார். பிள்ளைகள் அவருக்கு இல்லை. கணவர் இறந்து பல வருடம். ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட்ட தமக்கையின் மகள் ஜெனிற்றா மட்டும் அவருடன் பியர்பொன்ட்ஸ் பகுதி வீட்டில் இருந்தாள்.

அன்ரிக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதும் எஞ்சின் பிரெஞ்சு. கராஜுக்குப் போனால் கார்ப் புத்தகத்தையும் கொண்டுதான் போவார். அதில் பக்கம் அடையாளத்துக்குக் குருத்தோலை ஒன்று வைத்திருப்பார். ஒருமுறை நானும் கூட இருந்தேன். கராஜ்காரர் நல்ல மனுசன், மலைபோல உடம்பு. பத்தாயிரம் கிலோமீற்றருக்கு ஒருமுறை ஒயில் மாற்றினால் போதும், சாதாரணப் பாவனைக்குப் புத்தகத்திலேயே அப்படித்தான் இருக்கிறது என்று பணிவாகச் சொன்னார். அன்ரி குருத்தோலையை எடுத்துவிட்டு அடுத்த பக்கத்தில் விரலை வைத்தார். கடும் பாவனைக்கு ஐயாயிரம்.

"மதாம், இது கடும் பாவனை இல்லையே" என்றார் அவர்.

அன்ரி வெளியே பனியைக் காட்டினார். "ஃப்ருவா." தெருவைக் காட்டினார். "ட்ராஃபிக்." பிறகு கராஜ்காரரையே காட்டி, "மொன்ட்ரியால். செவேர்" என்றார், புத்தகத்தில் கடும் என்பதற்கு இருந்த சொல் அது. அந்த மனுசன் ஐயாயிரம் என்றே ஸ்ரிக்கரில் எழுதினார். என்னிடம் திரும்பி அன்ரி தமிழில் சொன்னார்: "மைனஸ் முப்பதிலை ஆர் தம்பி சாதாரணமா ஓடுறது?"

எங்கள் பங்குச் சாமியாருக்கும் தப்ப முடியவில்லை. அவர் கியூபெக் நாட்டுப்புறத்தில் பிறந்த வயதானவர். பாவசங்கீர்த்தனத்துக்குப் போன அன்ரி, தன் பாவத்தைச் சொல்வதற்குப் பதிலாக, அவருடைய காரில் ஒரு லீற்றர் ஒயில் குறைவு என்று சொல்லிவிட்டு வந்தார். அடுத்த ஞாயிறு சாமியாரின் கார்க் கண்ணாடியில் ஒயில் மாற்றியதற்கான ஸ்ரிக்கர் ஒட்டியிருந்தது.

இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். சேர்ச்சுக்கு வேடிக்கை பார்க்க வந்த சைவப் பொடியன் நான். யேசு பிறந்தநாளுக்கு வைக்கிற நத்தார்க் கச்சேரிக்கு மிருதங்கம் அடிக்க ஆள் இல்லையென்று கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே ஜெனிற்றா பாடினாள். நான் தாளத்தை விட்டேன். அதன்பிறகு கச்சேரி இல்லாத ஞாயிறுகளிலும் போகத் தொடங்கினேன்.

ஒரு வருடத்துக்குமேல் போனபின் ஜெனிற்றா சொன்னாள்: "ரொறன்ரோவிலை இருந்து ஒரு எஞ்சினியரை மாமா பேசியிருக்கிறார். ஓகஸ்டிலை பாக்க வருகினம். அதுக்கு முதல் நீங்கள் வந்து அன்ரியோடை கதையுங்கோ."

எனக்குச் சமயம்தான் பயம். சைவப் பொடியனுக்கு எப்படிப் பெண் கொடுப்பது என்று கேட்டால் என்ன சொல்வது என்று மொன்ட்ரியால்-நோரில் இருந்த என் அறையில், கண்ணாடிக்கு முன்னால் நின்று நாலு நாள் ஒத்திகை பார்த்தேன். மட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் மெஷினோடும் ஒத்திகை பார்த்தேன். ஐந்தாம் நாள்தான் ஞாபகம் வந்தது. நான் காரில் போகப்போகிறேன்.

என்னிடம் ஒரு பழைய ஆயிரத்து ஐந்நூறு சிசி கார் இருந்தது. வாங்கி இரண்டு வருடம். பொனற்றை ஒரு தடவைகூடத் திறந்ததில்லை. வேலைக்கு பஸ்ஸில் போகிறவனுக்கு அது தேவையாகவும் இருக்கவில்லை. போய் நாலு லீற்றர் ஒயில் வாங்கினேன். மேல்கோடு, கீழ்க்கோடு என்று அன்ரி சொல்வதெல்லாம் காதில் விழுந்திருந்தது. ஆனால் எங்கள் வீடுகளில் நல்ல காரியத்துக்கு வாசலில் நிறைகுடம்தான் வைப்பார்கள், அரைக்குடம் வைப்பதில்லை. விருந்தாளிக்குக் கோப்பி ஊற்றினாலும் விளிம்புவரை ஊற்றினால்தான் மரியாதை. பெண் கேட்கப் போகிற காரில் ஒயில் குறைந்திருக்கலாமா? நாலு லீற்றரையும் ஊற்றினேன். பழைய ஒயிலை முதலில் வடிக்க வேண்டும் என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் ஒருவரையும் கேட்கவில்லை.

நெடுஞ்சாலையில் ஏறின கொஞ்ச நேரத்தில் பின்னால் வந்த கார்கள் விலகத் தொடங்கின. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் உலகமே இல்லை, நீலப் புகைதான். நான் பயத்தில் இன்னும் மிதித்தேன். பியர்பொன்ட்ஸில் அன்ரியின் தெருவுக்குள் திரும்பியபோது முன்வீட்டு மதாம் தொலைபேசியைக் கையில் எடுத்துக்கொண்டு தீயணைப்புப் படையைக் கூப்பிடட்டோ என்று கத்தினார். வாசலில் அன்ரி, ஜெனிற்றா, பட்டுச்சேலை, தட்டில் ரோல்ஸ். நானும் என் புகையும் வந்து நின்றோம்.

 அன்ரி பால்பெட்டியைக் கவிழ்த்தார், ஏறினார், கம்பியை இழுத்தார். ஒயில் இரண்டு கோட்டையும் தாண்டி, கம்பியின் பாதிக்குமேல் வழிந்தது.

"தம்பி, இது எஞ்சினோ பொரிச்சட்டியோ?"

"கூட இருந்தால் நல்லதெண்டு நினைச்சன் அன்ரி."

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை."

"உடுப்பை மாத்தும்."

மாற்றுவதற்கு உடுப்பு இல்லை. கலியாணம் பேசப் போட்டுக்கொண்டு வந்த வெள்ளைச் சேர்ட்டோடு காருக்குக் கீழே படுத்து, அன்ரி மேலிருந்து கட்டளையிட, அடியில் ஒயில் வடிகிற ஓட்டையின் பூட்டாணியைக் கழற்றினேன். ஒயில் முதலில் சேர்ட்டுக்கும் பிறகு கீழே வைத்த பழைய தட்டத்துக்கும் போனது. அன்ரி தேடி எடுத்துத் தந்த பில்டரை மாற்றினேன். புது ஒயிலை அளந்து ஊற்றினேன். அன்ரி கம்பியை என் கையில் தந்து, துடை, செருகு, இழு, பார் என்று மூன்று தரம் செய்ய வைத்தார். ஜெனிற்றா குசினி யன்னலில் நின்று சிரித்து முடித்துவிட்டு அழுவதற்குத் தயாராக இருந்தாள். என் கை கறுப்பாக இருந்தபடியால் அன்ரியே ஒரு ரோல்ஸை என் வாயில் வைத்தார். எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

சமயத்தைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. நானாகத் தொடங்கினேன்: "அன்ரி, நான் சைவம்…"

"சேர்ச்சுக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் காரிலைதானே போகவேணும்?" என்றார். "இந்த ஒயிலோடை ஐயாயிரம் ஓடிப்போட்டு வாரும். பேந்து கதைப்பம்."

வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தேன். நான் ஓடுகிற ஓட்டத்துக்கு ஐயாயிரம் ஓட ஒன்றரை வருடம் எடுக்கும். எஞ்சினியர் ஓகஸ்டில் வருகிறார். அப்போது ஏப்ரல்.

அன்றிலிருந்து நான் ஊருக்கு உதவி செய்யத் தொடங்கினேன். விமான நிலையத்துக்கு ஆள் ஏற்ற வேண்டுமா, நான். ஒட்டாவாவில் விசா விசயமா, நான். ரொறன்ரோவில் செத்தவீடு என்றால் மனம் கொஞ்சம் பரபரத்தது, போய்வர ஆயிரம் கிலோமீற்றருக்குமேல். மாடிவீட்டுக்காரரின் மகள் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் தங்கி விவசாயம் படித்தாள். அவளுக்கு அம்மா ஏதும் அனுப்ப விரும்பினால் நான் கொண்டுபோவேன் என்று சொல்லிவைத்தேன். ஒரு இடியப்பப் பார்சலுக்குத் தொண்ணூறு கிலோமீற்றர். சம்பல் வைக்க மறந்துபோன நாளில் அந்த அம்மா வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னார். நான் சந்தோசமாகத் திரும்பவும் ஒருதரம் போய்வந்தேன்.

என்ன தங்கமான பிள்ளை என்று சனம் கதைத்தது. கோயில் நிர்வாகசபைத் தேர்தலில் நிற்கப் போகிறான் என்றும் ஒரு கதை வந்தது. யாரோ அன்ரியிடமே போய் என்னைப் புகழ்ந்திருக்கிறார்கள். "அதுகள் எனக்குத் தெரியாது. ஒயில் எப்பிடி இருக்குதாம்?" என்று கேட்டாராம்.

ஒயில் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு ஞாயிறும் இழுத்துப் பார்த்தேன். முதலில் தேன் நிறம், பிறகு தேத்தண்ணி, பிறகு கோப்பி. மூவாயிரத்து இருநூறில் கீழ்க்கோட்டுக்குக் கிட்ட இறங்கியது. கால் லீற்றர் ஊற்றினேன், நிறைகுடம் வைக்கவில்லை. அன்றைக்கு ஏதோ பெரிய காரியம் செய்த மாதிரி இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

யூலைக் கடைசியில் அன்ரியின் தெருவுக்குள் நுழைந்தபோது ஒயில் மாற்றிய நாளிலிருந்து ஓடிய கணக்கு மீற்றரில் நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறு வந்திருந்தது. நாலு குறைவு. எனக்கு அன்ரியைத் தெரியும். அந்த வீட்டுத் தொகுதியையே சுற்றத் தொடங்கினேன். ஜெனிற்றா யன்னலில் நின்று ஒவ்வொரு சுற்றுக்கும் விரலை நீட்டி எண்ணினாள். முன்வீட்டு மதாம் திரும்பவும் தொலைபேசியோடு வெளியே வந்தார்.

அன்ரி இழுத்தார். துடைத்தார். திரும்ப இழுத்து வெயிலுக்குப் பிடித்தார். கறுப்பு, இரண்டு கோட்டுக்கும் நடுவில்.

"இடையிலை விட்டனீரோ?"

"ஓம் அன்ரி. கால் லீற்றர். மூவாயிரத்தி இருநூறிலை."

"ம்."

பொனற்றை மூடி உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடினார். நான் தோளைத் தடவிக்கொண்டு நின்றேன். நாலு மாதமாக ஸ்ரியரிங் பிடித்துப் பிடித்து இடது தோளில் ஒரு வலி.

அன்ரி கண்ணைத் திறந்தார். "என்ன தோளிலை?"

"ஒண்டுமில்லை அன்ரி. அது சும்மா நோகுது."

அவருடைய கை பொனற்றிலேயே நின்றது. முகம் மாறிவிட்டது. நான் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டேன் போலிருந்தது.

"இவர் இருக்கேக்கை எங்களிட்டை ஒரு கார் இருந்தது" என்றார். கணவரைத்தான் சொன்னார். "சிவப்பு லைற் எரிஞ்சுது. என்னப்பா இது எண்டு கேட்டன். அது சும்மா எரியுது எண்டார். மூண்டு நாள் சும்மா எரிஞ்சுது. நாலாம் நாள் நடு றோட்டிலை எஞ்சின் இறுகிப் போச்சு. உள்ளை சொட்டு ஒயில் இல்லை. பனிக்குள்ளாலை நடந்து வந்தம். சிரிச்சுச் சிரிச்சு வந்தார்."

மற்றக் கையில் இருந்த துணியை மடித்தார்.

"அடுத்த மாரியிலை நெஞ்சைத் தடவினார். என்னப்பா எண்டு கேட்டன். அது சும்மா நோகுது எண்டார். மூண்டு நாள் சும்மா நொந்துது, தம்பி. நாலாம் நாள் பனி அள்ளப் போனவர், உதிலைதான் விழுந்தார்."

அவர் காட்டிய இடத்தில்தான் என் கார் நின்றது.  இத்தனை நாள் எல்லோரோடும் சேர்ந்து நானும் இவரைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். அதற்குப் பிறகுதான் அவர் நாற்பத்தைந்து வயதில் கார் ஓடப் பழகியிருக்கிறார். அகராதியை வைத்துக்கொண்டு அந்தக் கார்ப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை வாசித்திருக்கிறார். கையில் இருந்த துண்டுத் துணியை அன்றைக்குத்தான் வடிவாகப் பார்த்தேன். அது ஆண்கள் இடுப்பில் கட்டுகிற நீலக் கட்டம் போட்ட சாரத்திலிருந்து கிழித்த துண்டு.

"ஒயில் பாக்காதவன் தன்னையும் பாக்கமாட்டான்" என்றார் அன்ரி. "என்ரை பிள்ளையை ஒருத்தன் நடு றோட்டிலை விட்டிட்டுப் போக நான் விடமாட்டன். நாளைக்கு டொக்டரிட்டைப் போம். கடதாசியோடை வாரும்."

போனேன். இரத்தம் எடுத்தார்கள், நெஞ்சில் வயர்களை ஒட்டினார்கள். எல்லா முடிவும் வர இரண்டு கிழமை எடுத்தது. அந்த இரண்டு கிழமைக்குள் எஞ்சினியர் வந்துவிட்டார். நல்ல பையனாம், வாடகைக் காரில் வந்தாராம். அன்ரி பெட்டியில் ஏறி நின்று பொனற்றைத் திறக்கச் சொல்ல, அதைத் திறக்கிற பிடி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் மனுசன் வைப்பரைப் போட்டாராம், பிறகு ஹோர்ன் அடித்தாராம். கடைசியில் அன்ரியே திறந்து பார்த்திருக்கிறார். ஜெனிற்றா தொலைபேசியில் சொல்லி முடிக்க முடியாமல் சிரித்தாள்.

"ஒயில் எப்பிடி?" என்று கேட்டேன். 

"திறமாம். ஆனால் அது அவரின்ரை ஒயில் இல்லையாம்."

நான் கடதாசியோடு போனபோது அன்ரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கார்ப் புத்தகத்தைப் பார்க்கிற மாதிரியே வரிவரியாக விரலை ஓட்டினார். இரத்த அழுத்தத்தில் வந்து விரல் நின்றது.

"இதிலையும் மேலை ஒண்டு, கீழை ஒண்டு இருக்குது" என்றார்.

"ஓம் அன்ரி."

"மேல்கோட்டுக்குக் கிட்ட நிக்கிறீர். உப்பைக் குறையும்." கடதாசியை நாலாக மடித்துக் கார்ப் புத்தகத்துக்குள், குருத்தோலைக்குப் பக்கத்தில் வைத்தார். "சரி. நாள் பாருங்கோ."

காலையில் கோயிலில் தாலி, பின்னேரம் சேர்ச்சில் மோதிரம் என்று முடிவானது. என் காருக்கே பூச்சோடித்தோம். சேர்ச் வாசலில் சனம் நின்றது, சாமியார் படியில் நின்றார், காருக்குள் ஜெனிற்றா வெள்ளை உடுப்போடு இருந்தாள். நான் கோட்டும் சூட்டுமாக அவளை இறக்கப் போனேன். அப்போது பின்னால் அந்தக் குரல்.

"இழுத்துப் பாத்தனீரோ?"

"அன்ரி, இண்டைக்குமோ?"

"இண்டைக்குத்தான்."

பால்பெட்டி வந்தது. பட்டுச்சேலைத் தலைப்பு இடுப்புக்குப் போனது. பொனற்றில் ஒட்டியிருந்த றோசாக்கள் உதிர்ந்தன. சாமியாருக்கு இது பழக்கம். கம்பியை இழுத்த பிறகுதான் அன்ரிக்குத் தெரிந்தது, கலியாணத்துக்கென்று கொண்டுவந்த பட்டுக் கைப்பைக்குள் செபமாலைக்கு மட்டுமே இடமிருந்திருக்கிறது. சாரத் துண்டு வீட்டில். சுற்றிப் பார்த்தார். என் கோட்டுப் பையில் முக்கோணமாக மடித்துச் செருகியிருந்த வெள்ளைக் கைக்குட்டையை உருவி, கம்பியைத் துடைத்தார். செருகினார், இழுத்தார், பார்த்தார். ஒயில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நின்றது. நான் காலையில் பார்த்திருந்தேன்.

பெட்டியிலிருந்து இறங்கி, கறுப்புக் கோடு விழுந்த அந்தக் கைக்குட்டையை அதே முக்கோணமாக மடித்து, கறை வெளியே தெரிகிற பக்கமாக என் பையில் செருகினார். எங்கள் கலியாணப் படம் எல்லாவற்றிலும் அந்தக் கறுப்புக் கோடு இருக்கிறது.

செருகின கையை அவர் எடுக்கவில்லை. உள்ளங்கையை என் நெஞ்சில் வைத்துக் கண்ணை மூடினார். சனம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. ஐந்து விநாடியைத் தாண்டி நெடுநேரம் அப்படியே நின்றார்.

பிறகு கண்ணைத் திறந்தார். கண் நனைந்திருந்தது.

"நல்லா ஓடுது" என்றார். "போம்."